டிவியில் மலையாளம், போனில் தமிழ்

"என்ன கண்ணு பேசறா இவ? ஒண்ணும் புரியலையே" என்று வீடியோ காலில் அம்மா கேட்டபோது எனக்குச் சுருக்கென்றது. மகள் தன் அம்மிச்சிக்கு, அதாவது என் அம்மாவுக்கு, பூனைக் கதை சொல்லிக்கொண்டிருந்தாள், முழுக்க மலையாளத்தில்.

அம்மா இருப்பது தமிழ்நாட்டில் ஆனைமலை, நாங்கள் எல்லைக்கு இந்தப் பக்கம் கேரளத்தில் கொழிஞ்சாம்பாறை. பஸ் மாறி ஏறினாலும் காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பிவிடலாம். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது, அப்புறம் பாஸ் இல்லாமல் மாநில எல்லையில் இருக்கும் கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்ட முடியவில்லை. துபாயில் இருக்கும் தம்பியும் நானும் அம்மாவுக்கு ஒரே தூரத்தில் ஆகிவிட்டோம்.

பள்ளிக்கூடம் மூடிக் கிடந்ததால், ஜூன் 1ஆம் தேதி கேரள அரசின் கல்விச் சேனலான விக்டர்ஸில் 'ஃபர்ஸ்ட் பெல்' என்ற டிவி வகுப்புகள் ஆரம்பித்தன. மகள் அந்த வருஷம்தான் ஒன்றாம் வகுப்பு, மலையாள மீடியம். சாய் ஸ்வேதா டீச்சர் மிட்டுப் பூனை, தங்குப் பூனை கதை சொன்ன அழகில் கேரளமே மயங்கியது, இவள் எம்மாத்திரம்! டீச்சர் கேள்வி கேட்டால் டிவிக்கு முன்னால் எழுந்து நின்று பதில் சொல்வாள். பார்க்கப் பார்க்கச் சிரிப்பும் பெருமையுமாக இருக்கும்.

மகன் ஐந்தாம் வகுப்பு, தமிழ் மீடியம். அவன் பாடம் யூடியூபில். வீட்டில் இருந்த ஒரே ஸ்மார்ட்போன் அவன் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். ராத்திரி அவர் வந்த பிறகு, சிக்னலுக்காக மாடிப்படியில் உட்கார்ந்து, நோட்டை மடியில் வைத்துக்கொண்டு பார்ப்பான். பின்னக் கணக்கில் டீச்சர் கோடு போட்டு மேலே மூன்று என்று எழுதியதும் படம் நின்றுவிடும். கீழே என்ன வரும் என்று காத்திருந்தே கண் சொக்கிவிடுவான். பாடம் எடுத்த ஆசிரியர்கள் அருமையாகத்தான் எடுத்தார்கள், குறை அவர்களிடம் இல்லை. எங்கள் சித்தூர் தாலுகாவில் தமிழ்ப் பிள்ளைகள் இத்தனை பேர் இருக்கும்போது, டிவியிலேயே தினம் அரை மணி நேரம் இவர்களுக்கும் ஒதுக்கியிருக்கலாம். இந்த ஆதங்கம் எனக்கு இன்னும் தீரவில்லை.

மற்றபடி இந்த ஊரில் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. பள்ளிக்கூடத்தில் அரிசி, பயறு கிட் கொடுத்தார்கள். பக்கத்து வீட்டுச் சேச்சி பலாச்சுளை கொடுத்தனுப்புவார். வேர் பிடித்துவிட்டது என்றுதான் நினைத்தேன். ஆனால் மே மாத வெயிலில் பிள்ளைகள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது மனசு ஆனைமலைக்கு ஓடிவிடும். லீவு விட்டால் ஆழியாற்றில் குளியல், ஈரத் தலையோடு வந்தால் அப்பா சீவிப் போடும் நுங்கு, கட்டைவிரலை விட்டு நோண்டும்போது முழங்கை வரை வழியும் தண்ணீர். என் பிள்ளைகளுக்கு அந்த வருஷம் அது வாய்க்கவில்லை. அடுத்த வருஷமும் இல்லை.

2021 நவம்பர் 1ஆம் தேதி பள்ளிக்கூடம் திறந்தார்கள். மகள் வகுப்பறைக்குள் முதன்முதலாகக் கால் வைத்ததே இரண்டாம் வகுப்பில்தான். இரண்டே நாளில் ஒட்டிக்கொண்டாள். மகனுக்குத்தான் பின்னக் கணக்கு இன்னும் உதைக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவனை உட்காரவைத்து, முதலிலிருந்து நானே சொல்லிக் கொடுக்கிறேன்.