டி.டி.எம். பாதை: மதுரை கிளப் நாட்குறிப்பு

ஜூலை 2

மேடைப் பேச்சும் தலைமைப் பண்பும் பழகும் டோஸ்ட்மாஸ்டர்ஸ் கிளப்களின் ஆண்டு நேற்றுப் பிறந்துவிட்டது. அங்கே உயர்ந்த விருதான டிஸ்டிங்விஷ்டு டோஸ்ட்மாஸ்டர் (டி.டி.எம்.) ஆக நினைப்பவர்கள் இன்றே காலண்டரை எடுத்து வையுங்கள். பாத்வேஸ் என்ற பாடத்திட்டத்தில் இரண்டு பாதைகள், ஒவ்வொன்றிலும் 5 நிலை. கிளப் பொறுப்பில் 12 மாதம். டோஸ்ட்மாஸ்டர்ஸ் மாவட்ட அளவில் (பல கிளப்கள் சேர்ந்த பிரிவு, அரசு மாவட்டம் அல்ல) முழு ஓராண்டுப் பதவி. ஒரு கிளப்புக்கு மென்டர் (புது கிளப்புக்கு வழிகாட்டி) அல்லது கோச் (நலிந்த கிளப்பைத் தூக்கிவிடுபவர்). அதோடு, புது கிளப்புக்கு ஸ்பான்சராக, அதாவது அதைத் தொடங்கி வைப்பவராக, இருக்க வேண்டும், இல்லையென்றால் ஸ்பீச்கிராஃப்ட் என்ற பேச்சுப் பயிற்சி வகுப்பு அல்லது இளையோர் தலைமைப் பயிற்சி நடத்த வேண்டும். கடைசியில் டி.டி.எம். பிராஜெக்ட்.

பேச்சுகளைக் கொஞ்சம் முடுக்கினால் முடித்துவிடலாம். மாவட்டப் பதவியை முடுக்க முடியாது. பதவிக்காலம் ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை, பாதியில் விட்டால் கணக்கில் வராது. ஆட்களை முந்தைய ஆண்டின் கடைசி மாதங்களிலேயே முடிவு செய்துவிடுவார்கள். ஆகவே அடுத்த ஜூலைக்கு ஏரியா டைரக்டராக (சில கிளப்களைக் கவனிக்கும் மாவட்டப் பதவி) விருப்பம் என்று இப்போதே சொல்லி வைப்பது நல்லது.

ஜூலை 13

ஐஸ் பிரேக்கர், அதாவது முதல் பேச்சுக்கு 4 முதல் 6 நிமிடம். நேரம் காட்டும் விளக்கு நாலில் பச்சை, ஐந்தில் மஞ்சள், ஆறில் சிவப்பு. அதற்கு மேல் 30 விநாடிதான் சலுகை.

நம்ம ஊர் ஆட்கள் தடுக்கி விழும் இடம் வணக்கம். சாலமன் பாப்பையா ஐயாவின் பட்டிமன்றங்களைக் கேட்டு வளர்ந்த ஊர் இது. மேடை என்றாலே "அவைத்தலைவர் அவர்களே, எதிரே திரளாக அமர்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே" என்று வாய் தானாக ஓடும். மூச்சு விட்டு நிமிர்வதற்குள் அரை நிமிடம் போயிருக்கும். "தலைவருக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்" போதும், நேரே விஷயத்துக்கு வாருங்கள். குரலும் அப்படித்தான். இருபது பேர் உட்காரும் அறையில் மைதானத்துக் குரலில் தொடங்கினால், அழுத்தம் தர வேண்டிய வரி வரும்போது ஏற்றுவதற்கு இடமே இருக்காது. அந்த வரியைத் தாளில் அடிக்கோடிட்டு, அதற்கு முன்னால் ஒரு மூச்சு நிறுத்திப் பழகுங்கள்.

ஆகஸ்ட் 17

ஒருவர் பேச்சை இன்னொருவர் மதிப்பிடுவதற்கு 2 முதல் 3 நிமிடம். "அருமை, சூப்பர்" என்று முடித்தால் பேசியவருக்கு ஒன்றும் கிடைக்காது. அவர் சொன்ன ஒரு வரியைத் திருப்பிச் சொல்லி, அது ஏன் எடுபட்டது அல்லது எடுபடவில்லை என்று சொல்லுங்கள். தேவையற்ற ஒலிகளையும் சொற்களையும் எண்ணும் ஆ-கவுன்ட்டர் "ம்ம்", "ஆ" மட்டும் குறித்தால் பத்தாது. "வந்து", "இப்ப பார்த்தீங்கன்னா" இரண்டும்தான் தமிழ்ப் பேச்சில் அதிகம்.

செப்டம்பர் 28

அக்டோபர் 1க்குள் சந்தாவைப் புதுப்பித்துவிடுங்கள். இன்னொன்று: ஒரு நிலையை முடித்ததும் கிளப்பின் கல்வித் துணைத்தலைவர் பேஸ் கேம்ப்பில் (பாத்வேஸ் பாடங்கள் இருக்கும் தளம்) ஒப்புதல் தருவார். பலர் அதோடு முடிந்தது என்று இருந்துவிடுகிறார்கள். கிளப் சென்ட்ரலிலும் (கிளப் நிர்வாகத் தளம்) பதிவாகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அங்கே ஏறினால்தான் விருதுக் கணக்கில் சேரும். ஒவ்வொரு நிலைக்கும் இரண்டு இடத்தையும் கேட்டு உறுதி செய்யுங்கள்.

நவம்பர் 9

கோச் ஆக வேண்டுமென்றால் 12 பேரோ அதற்குக் குறைவாகவோ உள்ள கிளப்பைத் தேடுங்கள். அது டிஸ்டிங்விஷ்டு தகுதி பெற்றால்தான் உங்களுக்குக் கணக்கு. கிளப்புக்கு ஆண்டுதோறும் உள்ள பத்து இலக்குகளில் குறைந்தது ஐந்தைத் தொட வேண்டும், உறுப்பினர் எண்ணிக்கையும் ஏற வேண்டும். இதில் உங்கள் உழைப்பு பாதிதான், மீதி அந்த கிளப்பின் கையில். கூட்டமே ஒழுங்காக நடக்காத கிளப்பை எடுத்தால் முதல் மாதங்கள் அதைச் சீராக்கவே போய்விடும். புது கிளப் என்றால் சார்ட்டருக்கு, அதாவது முறையான அங்கீகாரத்துக்கு, 20 பேர் வேண்டும். வருகிறேன் என்றவர் எல்லாரும் பணம் கட்டமாட்டார்கள், முப்பது பேரிடமாவது பேசி வையுங்கள்.

பள்ளியில் இளையோர் பயிற்சி நடத்துவோர் பொதுத்தேர்வு எழுதும் வகுப்புகளை விட்டு, ஒன்பதாம் வகுப்பை எடுங்கள். வழக்கமாக 8 அமர்வு. அரையாண்டுத் தேர்வு, பொங்கல் விடுமுறை என்று நடுவில் அறுந்தால் பிள்ளைகள் மறந்துவிடுவார்கள். ஜூலையில் தொடங்குவதுதான் சரி.

ஜனவரி 18

டி.டி.எம். பிராஜெக்ட்டில் பெரும்பாலும் கெடுவது அளவு. "மதுரை மாணவர்களுக்குப் பேச்சுப் பயிற்சி" என்று எழுதினால் எங்கே முடிப்பது? நத்தம் சாலை கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் படிக்கும் போட்டித் தேர்வு மாணவர்களில் பதினைந்து பேர், நாலு ஞாயிறு, நேர்முகத் தேர்வுப் பேச்சு மட்டும் என்று சுருக்குங்கள். யார் இடம் கேட்பது, யார் அறிவிப்பது, யார் கணக்குப் பார்ப்பது என்று பெயர் போட்டுப் பிரியுங்கள். எல்லாவற்றையும் தானே இழுத்துப் போட்டுச் செய்பவருக்கு இது தலைமைப் பயிற்சியே ஆகாது. திட்டத்தைப் பற்றி ஒரு பேச்சு, முடிந்த பின் நடந்ததைப் பற்றி ஒரு பேச்சு.

மார்ச்சுக்குள் முடித்துவிடுங்கள். ஏப்ரல் 1 அடுத்த சந்தாப் புதுப்பிப்பு, அதையொட்டிச் சித்திரைத் திருவிழா. அழகர் ஆற்றில் இறங்கும் வாரத்தில் மதுரையில் கிளப் கூட்டத்துக்கே ஆள் சேராது.