ரெஃபரல் கடிதத்தில் விடுபட்ட ஒரு வரி

அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில் என் தங்கைக்கு எட்டாம் மாதத்திலேயே பிரசவமானது. குழந்தைக்கு மூச்சுத்திணறல் இருந்ததால் தொப்புள் தமனி வழியாக ஒரு குழாய் போட்டார்கள். இரத்த அழுத்தத்தைக் கவனிக்கவும், அடிக்கடி ஊசி குத்தாமல் இரத்தம் எடுக்கவும் குறைமாதக் குழந்தைகளுக்கு வழக்கமாகச் செய்வதுதான் அது. மறுநாள் டயப்பர் நனையவில்லை. வயிறு உப்பிக்கொண்டே வந்தது. இரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவும் பொட்டாசியமும் ஏறிவிட்டன, சிறுநீரகம் வேலை செய்யவில்லை, பாளையங்கோட்டைக்குக் கொண்டுபோங்கள் என்றார்கள்.

பில் கட்டி முடித்த பிறகும் கடிதம் கைக்கு வரவில்லை. "டாக்டர் கையெழுத்துப் போடணும்க்கா, கொஞ்சம் இருங்க" என்று கவுண்ட்டரில் இருந்தவர் சொல்லிக்கொண்டே இருந்தார். ஒருவழியாக வந்த கடிதத்தில் மூச்சுத்திணறல், சிறுநீரகச் செயலிழப்பு என்ற இரண்டு மட்டுமே இருந்தன. தொப்புளில் குழாய் போட்டது பற்றி ஒரு சொல்கூட இல்லை. 108 ஆம்புலன்ஸ் உடனே கிடைத்தது.

அந்தக் கடிதத்தை நம்பி, பாளையங்கோட்டையில் முதலில் சிறுநீரகக் கோளாறு என்றே பார்த்தார்கள். டயாலிசிஸ் வரை பேச்சு போயிற்று. இரவுப் பணிக்கு வந்த மூத்த மருத்துவர்தான் தொப்புளுக்குக் கீழே இருந்த சிறு தையலைக் கண்டு, "இங்கே என்ன செய்தார்கள்?" என்று கேட்டார். நாங்கள் சொன்னதும் குழந்தைகள் அறுவை சிகிச்சை நிபுணரை வரவழைத்தார். எக்ஸ்ரேயில் தெரியக்கூடிய காண்ட்ராஸ்ட் மருந்தைச் சிறுநீர்ப்பைக்குள் செலுத்திப் படம் எடுத்தபோது, பையில் துளை விழுந்து மருந்து வயிற்றுக்குள் பரவியது தெரிந்தது.

பச்சிளங்குழந்தையின் சிறுநீர்ப்பை பெரியவர்களுக்கு இருப்பதுபோல் இடுப்பெலும்புக்குள் அடங்கியிருக்காது. வயிற்றுக்குள் மேலேறி இருக்கும். அதன் இரு பக்கமும் ஒட்டினாற்போல் தொப்புள் தமனிகள் செல்கின்றன. அதன் உச்சியிலிருந்து தொப்புள் வரை யூராக்கஸ் என்ற கருக்காலக் குழலின் மிச்சமும் உண்டு. குழாய் எளிதில் ஏறாமல், தொப்புளுக்குக் கீழே கீறித் தமனியைத் தேடும்போது, யூராக்கஸைத் தமனி என்று எண்ணிவிடவோ சிறுநீர்ப்பையிலேயே காயம் படவோ இடமுண்டு. அப்படிக் கசிந்த சிறுநீரை வயிற்றின் உள்சவ்வு உறிஞ்சி மீண்டும் இரத்தத்தில் சேர்ப்பதால்தான் கிரியாட்டினின் ஏறுகிறது. எங்கள் குழந்தையின் சிறுநீரகங்களில் ஒரு குறையும் இல்லை.

சிறு துளையாக இருந்தால் சில நேரம் கதீட்டர் வைத்துச் சிறுநீரை வடியவிட்டாலே ஆறிவிடுமாம்; இவனுக்குத் தைக்க வேண்டியிருந்தது. அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது, கிரியாட்டினினும் வேகமாக இறங்கியது. கதீட்டரை எடுக்கும் முன் மறுபடியும் காண்ட்ராஸ்ட் படம் எடுத்து, கசிவு இல்லை என்று உறுதி செய்தார்கள்.

இப்படிக் காயம் படக்கூடும் என்பதை மருத்துவர்களே சொன்னார்கள். அதை ஏற்றுக்கொள்ள என்னால் முடிகிறது. செய்ததை எழுதாமல் அனுப்பியதைத்தான் ஏற்க முடியவில்லை. குழந்தையை வேறு இடத்துக்கு மாற்றும்போது, குழாய், கதீட்டர், ஊசி என்று உடலில் செய்த ஒவ்வொன்றும் நேரத்துடன் கடிதத்தில் இருக்கிறதா என்று வண்டி ஏறுமுன் பாருங்கள்.

பிறகு முதல் மருத்துவமனையில் கேஸ் ஷீட் (சிகிச்சைப் பதிவுகள்) கேட்டுப் போனபோது, "அதெல்லாம் வெளியே தரமாட்டோம்" என்று திருப்பி அனுப்பினார்கள். இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளின்படி, நோயாளி தரப்பு கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும். அதைக் குறிப்பிட்டு என் தங்கை கையெழுத்திட்ட விண்ணப்பத்தைக் கொடுத்து, நகலில் சீலும் தேதியும் வாங்கிக்கொண்ட பின்புதான் அவர்கள் பேச்சு மாறியது. கெடுவுக்குள் தந்துவிட்டார்கள். கீறிக் குழாய் போட்டது அதில் தெளிவாக எழுதப்பட்டிருந்தது. விண்ணப்பத்தில் கேஸ் ஷீட் என்று மட்டும் எழுதினால் டிஸ்சார்ஜ் சம்மரியைக் கொடுத்து முடித்துவிடக்கூடும். மருத்துவர் குறிப்புகள், செவிலியர் குறிப்புகள், ஒப்புதல் படிவம், ஆய்வக முடிவுகள், மணிவாரியான சிறுநீர் அளவுப் பதிவு என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். சிறுநீர் எப்போது நின்றது என்பதை எங்களுக்குக் காட்டிக்கொடுத்தது அந்தக் கடைசித் தாள்தான்.