மாலிப்டினம் டைசிலிசைடு: சூட்டுல தானே கவசம் போட்டுக்குற பொருள்

ஃபர்னஸ் ஹீட்டிங் எலிமெண்ட்னாலே நிறைய பேருக்கு நிக்ரோம் கம்பிதான் ஞாபகம் வரும், ஆனா அது சுமார் 1200 டிகிரி செல்சியஸ் வரைக்கும்தான் தாங்கும், அதுக்கு மேல போகணும்னா எனக்கு ரொம்பப் பிடிச்ச மாலிப்டினம் டைசிலிசைடு (மாலிப்டினம் உலோகமும் சிலிக்கானும் சேர்ந்த பொருள்) மாதிரி ஒண்ணு வேணும். உருகுநிலையே 2000 டிகிரிக்கு மேல. வெறும் மாலிப்டினத்தை காத்துல சூடாக்கினா ஆக்சைடு ஆவியாகிப் போயிட்டே இருக்கும், உலோகம் கரைஞ்சுடும். இதுல சிலிக்கான் இருக்குறதால மேல கண்ணாடி மாதிரி மெல்லிசா ஒரு சிலிக்கா படலம் உருவாகி ஆக்சிஜனை உள்ள விடாம தடுத்துடுது, கீறல் விழுந்தாகூட நல்ல சூட்டுல காத்து பட்டா மறுபடி மூடிக்கும்!

அதனாலதான் கண்ணாடி, செராமிக் தொழில்ல, சிர்கோனியா பல் க்ரவுன் சுடுற ஃபர்னஸ்ல எல்லாம் இதை யூ வடிவத்துல தொங்கவிடுறாங்க. குளிர்ந்து இருக்கும்போது தட்டினா பட்டுனு உடைஞ்சுடும், மாட்டும்போது ரொம்ப கவனம் வேணும். இன்னொண்ணு, 500 டிகிரி பக்கத்துல ரொம்ப நேரம் வச்சிருந்தா பொடிப்பொடியா உதிர ஆரம்பிக்கும், இதுக்கு 'பெஸ்ட்' (pest)னு பேரு, அந்த ரேஞ்சை சீக்கிரம் தாண்டிடுங்க.