ஆடிப் பதினெட்டுக்கு ஒரு கிட்டார்

ஜூன் 2, 2024, ஞாயிறு

சீட்டுப் பணம் நேற்று கைக்கு வந்தது. கம்பெனியில் எங்கள் பிரிவுக்காரர்கள் இருபது பேர் சேர்ந்து போட்ட சீட்டு. மாதம் இரண்டாயிரம், இருபது மாதம். யார் யாரோ அவசரத்துக்குத் தள்ளி எடுத்தார்கள். நான் கடைசிவரை எடுக்கவில்லை. முழுதாக நாற்பதாயிரம் வந்திருக்கிறது. எதற்காகக் காத்திருந்தேன் என்று வீட்டில்கூடச் சொன்னதில்லை. இங்கேதான் முதலில் எழுதுகிறேன். எலெக்ட்ரிக் கிட்டார் வாங்கப் போகிறேன்.

கல்லூரிக் கடைசி வருஷம் வாங்கிய மரக் கிட்டார் ஒன்று இருக்கிறது. பதினாலு வருஷ உழைப்பில், தந்திகளைத் தாங்கும் அதன் பிரிட்ஜ் தூக்கிக்கொண்டுவிட்டது. 12ஆவது ஃப்ரெட்டில், வீணையில் மெட்டு என்பார்களே அதில், தந்திக்கும் பலகைக்கும் நடுவே ஐந்து மில்லிமீட்டர் இடைவெளி. பாதி இருந்தாலே போதும். அதோடு எனக்கு வாசிக்க நேரம் கிடைப்பதே இரவு ஒன்பதரைக்கு மேல்தான். அம்மா நாலரைக்கு எழுகிறவள், ஒன்பதுக்குத் தூங்கிவிடுவாள். ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு நான் மட்டும் கேட்க வாசிக்கலாம் என்ற நினைப்பே இனிக்கிறது.

ஜூன் 5, புதன்

இரவு வசதி மட்டும் காரணமில்லை, தோடியும்தான்.

சின்ன வயதில் ஏழு வருஷம் வாய்ப்பாட்டு கற்றுக்கொண்டேன். தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்காது. கீழே ரிஷபத்தின் பக்கம் சாய்ந்து, மேலே மத்யமத்தைத் தொடப் போய்த் திரும்பி, அந்த அசைவில்தான் அது காந்தாரம் ஆகிறது. தொண்டையில் வரும் அது என் மரக் கிட்டாரில் வரவே இல்லை. 12 நம்பர் கம்பி, தடித்தது. வீணையில் மெட்டின் மேல் தந்தியை இழுப்பது போல இழுத்துப் பார்த்தால் அரைச் சுரம் நகர்வதற்குள் விரல் நுனி கன்றிவிடுகிறது. எலெக்ட்ரிக்கில் 9 நம்பர் கம்பி போடலாம். ஒரு முழுச் சுரம், ஒன்றரைச் சுரம்கூட இழுக்க வரும். மரக் கிட்டாரில் உடனே தேய்ந்துவிடும் நாதம் இதில் நீண்டு நிற்கும்.

இது நடக்கும் என்பதற்கு உ. ஸ்ரீநிவாஸை விட வேறு சாட்சி எனக்கு வேண்டாம். மாண்டலினின் இரட்டைத் தந்திகளை விட்டுவிட்டு, ஐந்து ஒற்றைத் தந்திகளோடு மின் மாண்டலினில் அவர் வாசித்த ஆலாபனையைக் கேட்டவர்களுக்குத் தெரியும். கிட்டாரில் பிரசன்னா அதைச் செய்துகொண்டிருக்கிறார். அவர்கள் உயரத்துக்கு நான் ஆசைப்படவில்லை. அந்த ஒரு காந்தாரம் சரியாக வந்தால் போதும்.

ஜூன் 11, செவ்வாய்

ஒரு வாரமாகப் படித்துக்கொண்டே இருக்கிறேன். ஆபீஸில் மதியச் சாப்பாட்டு நேரம் முழுக்க இதுதான்.

என் கணக்குக்கு முக்கியமானவை இரண்டு. முதலாவது தந்தியின் நீளம். ஃபெண்டர் கம்பெனி வகையில் 25.5 அங்குலம், கிப்சன் கம்பெனி வகையில் 24.75. முக்கால் அங்குலம்தானே என்று தோன்றும். ஆனால் அதே கம்பியை அதே சுருதிக்கு ஏற்றினால் இழுவிசை நீளத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது, அதனால் கிப்சன் வகையில் ஏறக்குறைய ஆறு சதவீதம் குறைகிறது. விரலுக்கு அது தெரியும். இரண்டாவது விரற்பலகையின் வளைவு. அந்தக் கால ஃபெண்டர்களில் 7.25 அங்குல ஆரம். பலகை நன்றாக உருண்டிருக்கும், கார்டு பிடிக்கச் சுகம். ஆனால் தந்தியை அதில் தாழ வைத்துக்கொண்டு மேல் ஃப்ரெட்டில் இழுத்தால், தந்தி உச்சி மேட்டில் இடித்துச் சத்தம் அறுந்துபோகும். இப்போதைய ஃபெண்டர்களிலும் அதன் மலிவுப் பிராண்டான ஸ்கொயரிலும் 9.5, கிப்சனில் 12. யமஹா பசிஃபிகா 112இல் 13.75, கிட்டத்தட்டத் தட்டை. எண் ஏற ஏற இழுப்பவருக்கு நல்லது.

ஆக என் பட்டியலில் மூன்று நிற்கின்றன: ஸ்கொயர் ஸ்ட்ராட்டோகாஸ்டர், எபிஃபோன் (கிப்சனின் மலிவுப் பிராண்ட்) லெஸ் பால், யமஹா பசிஃபிகா. புத்தி பசிஃபிகா என்கிறது. ஆசை ஸ்ட்ராட்டோகாஸ்டர் மேல். 1954இல் வந்த உருவம் அது, எழுபது வருஷம் ஆகியும் அந்த இரண்டு கொம்புகளையும் இடுப்பு வளைவையும் பார்க்கும்போது இதைவிட எப்படி இருக்க முடியும் என்றுதான் தோன்றுகிறது.

ஜூன் 16, ஞாயிறு

இன்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன்.

அப்பா கோவை கணபதியில் முப்பத்தொரு வருஷம் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருந்தவர். கண் மங்கிய பிறகு கடையை மூடிவிட்டார். மீட்டரையும் மைக்ரோமீட்டரையும் மட்டும் யாருக்கும் கொடுக்கவில்லை. கிட்டார் ரிப்பேர் செய்யும் தம்பி ஒருவர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகைப் பிக்கப் ஒன்று, எலெக்ட்ரிக் கிட்டாரில் தந்திக்கு அடியில் இருப்பது, பழையது, வேண்டாம் என்று கழற்றியதைக் கொடுத்திருந்தார். அதை அப்பா கையில் வைத்தேன்.

மூடியைக் கழற்றினார். காந்தத் தூண்கள் ஆறு, அவற்றைச் சுற்றிச் செம்புக் கம்பி. முனையைப் பிரித்து மைக்ரோமீட்டரில் வைத்துப் பார்த்தார். 0.06 மில்லிமீட்டரை ஒட்டி வந்தது.

"தலைமுடியாட்டம் இருக்குது அம்மிணி. இதை எத்தனை சுத்து சுத்தியிருக்கறாங்க?"

"எட்டாயிரம் சுத்துக்குப் பக்கமுங்கப்பா."

நம்பவில்லை. மீட்டரில் போட்டார். ஆறாயிரம் ஓம். வாழ்நாள் முழுக்க ஒற்றை இலக்க ஓம்களையே பார்த்தவர் மீட்டரை ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டு மறுபடி வைத்தார். அதே ஆறாயிரம்.

"இதுக்குக் கரண்டு எங்கிருந்து குடுக்கறாங்க?"

"குடுக்கறதில்லீங்கப்பா. மேல இருக்கற தந்தி இரும்பு. காந்தம் அதையும் காந்தமாக்கிருது. தந்தி ஆடுனா காயிலுக்குள்ள காந்தப் புலம் மாறும். அதுல தானா கரண்டு வருது."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "அப்ப இது மோட்டாரில்ல, ஜெனரேட்டர்" என்றார்.

இத்தனை நாள் நான் படித்த கட்டுரைகளில் ஒன்றுகூட இதை இவ்வளவு சுருக்கமாகச் சொல்லவில்லை.

ஜூன் 23, ஞாயிறு

அபிகேல் யபாரா என்று ஒரு பெண்மணி. 1956இல் கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்ட்டன் ஊரில் ஃபெண்டர் தொழிற்சாலையில் சேர்ந்தவர். ஐம்பது வருஷத்துக்கும் மேல் பிக்கப் காயில் சுற்றியிருக்கிறார். எந்திரம் சுழலும், கம்பியை விரலால் பிடித்து இடமும் வலமும் நகர்த்திக்கொண்டே வர வேண்டும். கை போகும் போக்கில் ஒவ்வொரு காயிலும் கொஞ்சம் வேறாக அமையும், ஒலியும் கொஞ்சம் வேறாகும். அவர் சுற்றிய பிக்கப்புகளைத் தேடிப் பிடித்து வாங்குகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

எங்கள் பம்ப் கம்பெனியிலும் வைண்டிங் பிரிவு முழுக்கப் பெண்கள்தான். ஊதியப் பட்டியலில் அவர்கள் பெயர்களைத்தான் மாதாமாதம் தட்டச்சு செய்கிறேன். நேற்று மதியம் டப்பாவை எடுத்துக்கொண்டு அங்கே போய் உட்கார்ந்தேன். கம்பி இறுகினால் அறுந்துவிடும், தளர்ந்தால் பிதுங்கும், அந்த நடு இழுப்பைச் சொல்லித்தர முடியாது, விரலே கற்றுக்கொள்ளும் என்று ஒரு அக்கா சொன்னார். யபாராவும் அதைத்தான் செய்திருப்பார். ஃபெண்டருக்குப் பெயர் கொடுத்த லியோ ஃபெண்டர் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர், அவருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. நான் ஏங்கிக்கொண்டிருக்கும் இந்தப் பொருள் கச்சேரி மேடையில் பிறக்கவில்லை, அப்பாவின் கடை மாதிரி ஓர் இடத்தில் பிறந்திருக்கிறது. அதனாலேயே இன்னும் பிடிக்கிறது.

ஜூன் 30, ஞாயிறு

பழையது ஒன்று பாதி விலைக்கு வருகிறது என்று திருப்பூர் போனேன். வெள்ளை ஸ்ட்ராட்டோகாஸ்டர். பார்த்ததும் மனசு ஒட்டிக்கொண்டது. பணத்தைக்கூட எண்ணிவிட்டேன். கடைசியாகத் தலைப்பக்கத்திலிருந்து ஒரு கண்ணை மூடி நெக்கை, அதாவது கிட்டாரின் கழுத்தைப் பார்த்தபோது, இரு ஓரங்களும் ஒரே கோட்டில் போகவில்லை. முறுக்கிக்கொண்டிருந்தது. முன்னாலோ பின்னாலோ வளைந்த நெக்கை உள்ளே இருக்கும் இரும்புக் கம்பியைத் திருகிச் சரிசெய்யலாம். முறுக்கலுக்கு அந்தத் திருகு உதவாது. விற்றவர் அதைச் சொல்லவில்லை. பஸ்ஸில் திரும்பி வரும் வழியெல்லாம் அந்த வெள்ளை நிறம்தான் கண்ணில்.

ஜூலை 7, ஞாயிறு

சித்தி மகள் கல்யாணத்துக்குச் சென்னை. நேற்று மதியம் இரண்டு மணி நேரம் கிடைத்தது. அண்ணா சாலையில் மியூசி மியூசிக்கலுக்கும் போனேன், இன்னும் இரண்டு கடைகளிலும் ஏறி இறங்கினேன். 1842இல் தொடங்கிய கடை மியூசி. பியானோ வரிசையைத் தாண்டி நடக்கும்போது சத்தமாகப் பேசத் தோன்றவில்லை.

மூன்று வகையையும் வாசித்துவிட்டேன்.

லெஸ் பால் வகையில் தந்தி வெண்ணெய் மாதிரி இழுபட்டது. இரைச்சலும் இல்லை. அதில் இருப்பது ஹம்பக்கர், செத் லவர் கிப்சனுக்காகச் செய்து 1957இல் கிட்டார்களில் வந்தது. எதிரெதிராகச் சுற்றிய இரண்டு காயில், எதிரெதிர்த் துருவக் காந்தம். வெளியிலிருந்து வரும் மின் இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும், தந்தியின் ஒலி மட்டும் கூடும். ஆனால் குரல் தடித்திருந்தது, என் காந்தாரத்துக்குப் போர்வை போர்த்தின மாதிரி. தோளிலும் நல்ல கனம்.

ஸ்ட்ராட்டோகாஸ்டரில் நெக் பக்கத்துப் பிக்கப்பைப் போட்டு முதல் சுரத்தை மீட்டியதும் தொண்டை அடைத்தது. அது ஒரு மனிதக் குரல். கடைக்காரப் பையன் பார்க்கிறான் என்பதையும் மறந்து தோடியை எடுத்தேன். கீழே வந்தது. மேல் ஸ்தாயியில், 15ஆவது ஃப்ரெட்டுக்குப் போய் மத்யமத்தை நோக்கி இழுக்கும்போது சட்டென்று அறுந்துவிட்டது. மறுபடி, மறுபடி. தந்தியை உயர்த்தி வைத்தால் சரியாகும் என்றான் பையன். உயர்த்திய தந்தியோடுதான் பதினாலு வருஷம் வாழ்ந்தாயிற்று.

பசிஃபிகாவில் அதே இடத்தில், அதே இழுப்பில், சுரம் மத்யமம்வரை ஏறி நின்றது. நெக்கிலும் நடுவிலும் ஒற்றைக் காயில், பிரிட்ஜில் ஹம்பக்கர். குரல் ஸ்ட்ராட்டுக்கு அடுத்த வீட்டுக்காரி போல.

ஜூலை 10, புதன்

அடுத்த வீடா, அதே வீடா? மூன்று இரவாக இதே யோசனை.

ஜூலை 14, ஞாயிறு

பசிஃபிகாதான். நீல நிறத்தில். கேட்க வேண்டிய காந்தாரம் எதில் வந்ததோ அதுதான் என் கிட்டார். ஸ்ட்ராட்டோகாஸ்டர் மேல் உள்ள ஆசை போய்விட்டது என்று எழுதினால் பொய், அது இருக்கட்டும். முப்பத்திரண்டாயிரம் இதற்கு, மீதியில் ஹெட்ஃபோன் துளையுள்ள சின்ன ஆம்ப்ளிஃபயர், ஒரு கேபிள்.

அம்மாவிடம் சொன்னதும் காலண்டரைத்தான் பார்த்தாள். "புதன்கிழமை ஆடி பொறக்குது. ஆடியில புதுசு கொண்டாரக் கூடாது கண்ணு. பதினெட்டாம் பெருக்கன்னிக்கு வாங்கோணும், அன்னிக்கு வாங்குனா பெருகும்." ஒரு கிட்டார் பெருகி என்ன ஆவது என்று கேட்கவில்லை. அவள் அதைத் தங்கத்தோடு ஒரே தட்டில் வைத்துப் பேசியதே எனக்குப் போதுமாக இருந்தது.

ஜூலை 26, வெள்ளி

இங்கே காந்திபுரத்துக் கடையில் முன்பணம் கட்டியாகிவிட்டது. வந்து பெட்டியோடு இருக்கிறதாம். போய்ப் பார்க்கவில்லை, பார்த்தால் காத்திருக்க முடியாது.

அதன் விரற்பலகை ரோஸ்வுட், நம் ஈட்டி மரத்தின் குடும்பம். ஈட்டி மேற்குத் தொடர்ச்சி மலையில் வளர்வது. கூடலூர்ப் பக்கம் போகும்போதெல்லாம் பெரியப்பா ஜீப்பை நிறுத்திக் காட்டுவார். தமிழ்நாட்டில் 1994லேயே அதைக் காக்கத் தனிச் சட்டம் வந்தது. 2017இல் உலக அளவில் ரோஸ்வுட் வணிகத்துக்குக் கட்டுப்பாடு வந்தபோது கிட்டார் கம்பெனிகள் பல வேறு மரம் தேடின. ஸ்கொயரில் இப்போது வரும் இந்தியன் லாரல் வேறெதுவுமில்லை, நம்மூர்க் கருமருது. இரண்டில் எதை வாங்கியிருந்தாலும் விரலுக்கு அடியில் தெரிந்த மரத்தின் உறவுதான்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

ஆபீஸில் ஒரு பட்டியலை இரண்டு முறை தப்பாகக் கூட்டினேன்.

ஆகஸ்ட் 3, சனி, ஆடி 18

காலையில் பேரூர் போய் நொய்யலைக் கும்பிட்டுவிட்டு, பதினொரு மணிக்குக் கடை. மாலை ஆறரைக்குத்தான் பெட்டியைத் திறக்க விட்டாள் அம்மா. சாம்பிராணி, ஒரு பொட்டுச் சந்தனம் தலைப்பக்கத்தில். நீலத்தின் மேல் அது நன்றாகவே இருக்கிறது, துடைக்கவில்லை.

அப்பா மீட்டரோடு தயாராக உட்கார்ந்திருந்தார். கேபிளின் மறு முனையில் மீட்டர் ஊசிகளை வைத்து ஒவ்வொரு பிக்கப்பாக அளந்து, காலண்டர் தாளின் பின்னால் எழுதி வைத்துக்கொண்டார். அப்புறம்தான் ஆம்ப்ளிஃபயரில் சொருகினேன்.

நெக் பிக்கப். முதலில் வந்தது இரைச்சல். ஒற்றைக் காயில் என்றால் அது வரத்தான் செய்யும், வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும். 50 ஹெர்ட்ஸ் ஏறக்குறைய ஜி சுரம், நான் பாடக் கற்ற ஐந்து கட்டை, இரண்டு ஸ்தாயி கீழே. கொஞ்சம் ஏறின சுருதியில் வீடே தம்பூரா போட்ட மாதிரி இருந்தது.

அப்பா தலையைச் சாய்த்துக் கேட்டார். "எர்த்துக் கோளாறு இல்ல. இது சோக்கு" என்றார்.

எழுந்துபோய்க் கூடத்து ட்யூப்லைட்டை அணைத்தார். இரைச்சல் பாதியாகக் குறைந்தது. பூஜை விளக்கு வெளிச்சத்தில் கையால் தடவி நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்துகொண்டு, "ம்" என்றார்.

காந்தாரத்தில் விரலை வைத்தேன்.