பிடியரிசி

ஜனவரி 12, 2025, ஞாயிறு
திருப்பாதிரிப்புலியூர்

பொங்கலுக்கு வந்த நாத்தனார் காலையிலிருந்து ஒரே பாட்டு: "ஏம்மா, கையும் வரல, காலும் வரல. இனிமே சிவசிவான்னு கிடக்க வேண்டியதுதானே?"

அத்தை மூக்கைச் சிந்திக்கொண்டே சொன்னார்: "வாயாலயே சொல்லிட்டிருந்தா சாமிக்கே சலிச்சிடும்டி."

பக்கவாதம் வந்த ஆடியிலிருந்து இந்த வீட்டில் அத்தையிடம் யாரும் எதையும் கேட்டு வாங்கியதில்லை. "நீங்க உட்காருங்க", அவ்வளவுதான்.

ஜனவரி 20, திங்கள்

உலை வைக்கும்போது அத்தை கூப்பிட்டு, "பிடியரிசி எடுத்தியா?" என்றார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து, வடலூருக்கென்று தினம் ஒரு பிடி தூக்குவாளியில் போடுவது அவர் வழக்கம். தருமச்சாலையில் 1867ல் வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்னும் அணையவில்லை. இப்படிச் சனங்கள் கொடுக்கிற அரிசிதான் அங்கே சோறாகிறது. அத்தை படுத்ததிலிருந்து தூக்கு காலி.

முறத்தை மடியில் வைத்தேன். இடது கை நீண்டது, சட்டென்று பின்வாங்கியது. "பீச்சாங்கையால அன்னத்துக்கு எடுக்கிறதா?"

வலது கையைத் தானே தூக்கி அரிசிக்குள் வைத்துக்கொண்டார். விரல் மடங்கிவிட்டது. விரியத்தான் மாட்டேன் என்றது. தூக்கின் வாய்க்கு நேரே கை நடுங்க நடுங்க, சுண்டுவிரல் முதலில் விட்டது. அரிசி நாலு நாலாக விழுந்தது. பாதி தரையில். உலை கொதித்துப் பொங்கி அடுப்பே அணைந்துவிட்டது. பிடுங்கிப் போடக் கை பரபரத்தது, போடவில்லை.

பிப்ரவரி 1, சனி

பிசியோதெரபி தம்பி கொடுத்த ரப்பர் பந்தை அத்தை தொட்டதே இல்லை. இன்று அரிசி எடுப்பதைப் பார்த்துவிட்டு, "விரலை விரிக்கிறதுதான் இவங்களுக்குக் கஷ்டம். இதுலயே அது நடக்குதே, பந்து வேணாம்" என்றார். அத்தைக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை. "இது உடற்பயிற்சி இல்ல தம்பி."

எனக்கு இரண்டும்தான்.

பிப்ரவரி 11, செவ்வாய், தைப்பூசம்

வடலூரில் ஏழு திரை விலகி ஜோதி தெரிந்ததை டிவியில் பார்த்தோம். கூட்டத்துக்குப் பயந்து இவர் நேற்றே குறிஞ்சிப்பாடி வழியாகப் போய் அரிசியைக் கொடுத்துவிட்டு வந்தார். தூக்கை பஸ்ஸிலேயே விட்டுவிட்டார்! கல்யாணச் சீராக வந்த தூக்கு. "அரிசியைக் குடுக்கச் சொன்னா பாத்திரத்தையும் சேத்துக் குடுத்துட்டு வந்திருக்கான்" என்று சாயங்காலம் வரை அர்ச்சனை. நாளைக்கு மஞ்சக்குப்பத்தில் வேறு வாங்க வேண்டும். வாய் அகலமாக வேண்டுமாம்.