நெக்ஸ்ட்டுக்கும் ப்ரீவியஸுக்கும் நடுவில்

பட்டியலில் முன்னால் போவதில் யாருக்கும் சிக்கல் வருவதில்லை. பாதி வழியில் திரும்பும்போதுதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. ஜாவா நிரல்மொழியில் இத்தனை காலம் வேலை பார்த்ததில் நான் திரும்பத் திரும்பக் கண்டது இது.

பட்டியலின் உறுப்புகளை வரிசையாக எடுத்துப் பார்க்கும் ஃபார்-ஈச் லூப் எழுதும்போதெல்லாம் பின்னணியில் ஓடுவது இட்டரேட்டர், அதாவது எங்கே நிற்கிறோம் என்று நினைவில் வைத்து ஒவ்வொன்றாக நகரும் கருவி. அதற்குப் பின்னோக்கிப் போகத் தெரியாது. முன்னும் பின்னும் போவதற்கென்றே லிஸ்ட்-இட்டரேட்டர் என்று ஒன்று, 1998-இல் ஜாவா 1.2-இல் பட்டியல் போன்றவற்றுக்கான கலெக்‌ஷன்ஸ் வந்தபோதே கூட வந்தது. நெக்ஸ்ட் (அடுத்தது), ப்ரீவியஸ் (முந்தையது), ஆட் (சேர்), செட் (மாற்று), ரிமூவ் (நீக்கு) எல்லாம் அதில் உண்டு. ஆனாலும் அதைக் கையால் எழுதிப் பழகியவர்கள் குறைவு.

ஒரு காப்பீட்டு நிறுவனத்துக்காக நாங்கள் பராமரித்த, ஜாவாவின் ஸ்விங் நூலகத்தில் திரைகள் அமைத்த பழைய மென்பொருளில் க்ளெய்ம் படிவங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கும் திரை ஒன்று இருந்தது. கீழே 'அடுத்தது', 'முந்தையது', 'நீக்கு' என்று மூன்று பட்டன்கள். டெஸ்டிங் குழுவிடமிருந்து டிக்கெட் (பிழைப் புகார்) வந்தது: சில படிவங்கள் தாண்டிப் போய்விட்டு 'முந்தையது' அழுத்தினால் முதல் தடவை எதுவும் நடப்பதில்லை, இரண்டாவது தடவைதான் நகர்கிறது.

குழுவில் புதிதாகச் சேர்ந்திருந்த பெண்ணிடம் அது போயிற்று. கொஞ்ச நேரத்தில் என் இடத்துக்கு வந்தார். "அண்ணா, டீபக் பண்ணிப் பார்த்தேன். ப்ரீவியஸ் ஓடுது. ஆனா இப்ப ஸ்கிரீன்ல இருக்கிற அதே படிவத்தைத்தான் திருப்பித் தருது" என்றார். மிகச் சரியாகப் பிடித்திருந்தார்.

"பேப்பர்ல நாலு கட்டம் போடுங்கம்மா, இட்டரேட்டர் எங்க நிக்குதுன்னு குறிங்க" என்றேன். அவர் முதல் கட்டத்துக்குள் ஒரு புள்ளி வைத்தார். எல்லோரும் அங்கேதான் வைப்பார்கள். ஆனால் லிஸ்ட்-இட்டரேட்டர் எந்தக் கட்டத்துக்குள்ளும் நிற்பதில்லை. நாம் டைப் செய்யும்போது மின்னும் கர்சர் இரண்டு எழுத்துகளுக்கு நடுவில் நிற்கிறதே, அப்படி நிற்கிறது. நாலு உறுப்புகள் இருந்தால் நிற்க ஐந்து இடங்கள். நெக்ஸ்ட் என்றால் வலப்பக்கம் இருப்பதைத் தாண்டிக் குதித்து, தாண்டியதைக் கையில் கொடுக்கும். ப்ரீவியஸ் இடப்பக்கம் அதையே செய்யும். ஆகவே இரண்டாம் படிவத்தை நெக்ஸ்ட் கொடுத்த கையோடு ப்ரீவியஸ் கேட்டால், தாண்டி வந்த அதே இரண்டாம் படிவம்தான் வரும். ஜாவாவின் ஆவணத்திலேயே இது எழுதியிருக்கிறது. நடப்பு உறுப்பு என்று ஒன்று இதற்குக் கிடையாது என்றும் இருக்கிறது.

இந்தத் திரைக்கோ நடப்புப் படிவம்தான் உயிர். பயனர் ஒரு படிவத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அதற்கு அடுத்தது, அதற்கு முந்தையது என்றுதான் யோசிக்கிறார். இரண்டும் வேறு வேறு கணக்கு.

முதலில் தோன்றும் வைத்தியம், ப்ரீவியஸை இரண்டு தடவை கூப்பிடுவது. திரும்பும் அந்த ஒரு முறைக்கு அது சரி. தொடர்ந்து பின்னால் போனால் ஒன்று விட்டு ஒன்று தாவும். அப்புறம், கடைசியாக எந்தத் திசையில் போனோம் என்று குறித்துவைக்க ஒரு ஃபிளாக் வைத்து, திசை மாறினால் மட்டும் இரண்டு தடவை கூப்பிடுவார்கள். பார்க்க ஒழுங்காக ஓடும், 'நீக்கு' அழுத்தும் வரை. முன்னால் போகும்போது ஒரு படிவத்தை நீக்கினால், கர்சருக்கு இடப்பக்கம் இருந்தது போய்விடும். இப்போது 'முந்தையது' அழுத்தினால் ஒரு தடவை போதும். ஃபிளாக்குக்கு அது தெரியாது, இரண்டு தாவும். பயனர் பார்க்கவேண்டிய ஒரு படிவம் கண்ணிலேயே படாமல் போகும். எர்ரர் எதுவும் வராது என்பதுதான் இதில் எனக்குப் பயம்.

திரையின் நிலையை இட்டரேட்டரிடம் ஒப்படைக்காமல், உறுப்புகளை எண் வரிசையில் அடுக்கிவைக்கும் அர்ரேலிஸ்டும், இப்போது எத்தனையாவது என்று சொல்லும் ஓர் இன்டெக்ஸும் வைத்துக்கொண்டோம். அந்தப் பெண்ணே ஒரு சிறிய கிளாஸ் (நிரல் பகுதி) எழுதினார்: நடப்பு, அடுத்தது, முந்தையது, நீக்கு. நீக்கியபின் எதைக் காட்டுவது என்ற முடிவு இப்போது ஒரே இடத்தில் இருக்கிறது. லிஸ்ட்-இட்டரேட்டரைக் குறை சொல்லவில்லை. முழுப் பட்டியலையும் ஒரே ஓட்டத்தில் பின்னாலிருந்து பார்க்க, போகிற போக்கில் சேர்க்க, மாற்ற, அதைவிட நல்ல கருவி இல்லை. அதுவும் ஒவ்வொரு உறுப்பும் பக்கத்து உறுப்புகளோடு சங்கிலியாகக் கோக்கப்பட்ட லிங்க்டுலிஸ்ட் என்றால் நான் அதைத்தான் எடுப்பேன். இன்டெக்ஸ் வைத்துக் கேட்டால் லிங்க்டுலிஸ்ட் ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒரு முனையிலிருந்து நடந்து வரவேண்டும். இட்டரேட்டர் நின்ற இடத்திலிருந்து ஓர் அடி வைத்தால் போதும்.

பின்னாலிருந்து வருவதற்கு இன்னொரு நல்ல காரணமும் உண்டு. இன்டெக்ஸ் லூப்பில் முன்னால் போய்க்கொண்டே அர்ரேலிஸ்டிலிருந்து நீக்கினால், பின்னால் உள்ளவை எல்லாம் ஓர் இடம் நகர்ந்து வரும். நகர்ந்து வந்த முதல் உறுப்பை லூப் பார்க்காமலே தாண்டிவிடும். கடைசியிலிருந்து தொடங்கினால் நகர்பவை எல்லாம் ஏற்கெனவே பார்த்தவை. ஃபார்-ஈச்சுக்குள் நேரடியாகப் பட்டியலிலிருந்து நீக்கினால் கன்கரன்ட் மாடிஃபிகேஷன் எக்ஸெப்ஷன் என்ற எர்ரர் வரும் என்று பலருக்கும் தெரியும். கடைசிக்கு முந்தைய உறுப்பை நீக்கினால் அர்ரேலிஸ்டில் அதுகூட வராது. கர்சரின் எண்ணும் பட்டியலின் புதிய அளவும் ஒன்றாகிவிடுவதால், முடிந்துவிட்டது என்று லூப் நின்றுவிடும். கடைசி உறுப்பை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள்.

2023-இல் வந்த ஜாவா 21-இல் பட்டியலுக்கே ரிவர்ஸ்ட் என்று ஒரு மெத்தட் இருக்கிறது. நகல் எடுக்காமல் அதே பட்டியலைத் தலைகீழாகக் காட்டும். ஃபார்-ஈச்சிலேயே பின்னாலிருந்து வரலாம். புதிய கோடில் இப்போது அதையே எழுதச் சொல்கிறேன், படிக்கவும் தெளிவாக இருக்கிறது. நடுவில் திரும்புகிற வேலைக்கு மட்டும் அது உதவாது.

க்ளெய்ம் திரைக்கு அந்தப் பெண் எழுதிய டெஸ்ட்கள்தான் எனக்கு மிகவும் பிடித்தவை. காலிப் பட்டியல், ஒரே படிவம் உள்ள பட்டியல், முதல் படிவத்தில் 'முந்தையது', கடைசியில் 'அடுத்தது', நடுவில் திரும்புவது, திரும்பிய உடனே நீக்குவது, நீக்கிய உடனே திரும்புவது. வேறு திரைகளில் இதே பட்டன்கள் வந்தபோது அந்த டெஸ்ட்களை அப்படியே எடுத்து ஓட்டினோம். அந்தத் திரைகளில் ஒன்றில் அதே ஃபிளாக் வைத்தியம் இருந்தது. நீக்கிய உடனே திரும்பும் டெஸ்டில் சிக்கியது.