எங்கள் மண்ணில் எடுத்த படங்கள்

2023 மே 14, ஞாயிறு. கோபிசெட்டிபாளையம்

மனத்துக்கு நெருக்கமான சில படங்களை இந்தக் கோடையில் அம்மாவோடு அமர்ந்து மறுபடியும் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். முதல் படம் அம்மாவின் தேர்வு: 1954இல் வந்த ‘மலைக்கள்ளன்’. நாமக்கல் கவிஞரின் நாவலைக் கோவை பட்சிராஜா ஸ்டுடியோவின் ஸ்ரீராமுலு நாயுடு படமாக்கினார். அடுத்த ஆண்டே அதை இந்தியிலும் ‘ஆசாத்’ என்று எடுத்தார். எம்.ஜி.ஆர். வரும் இடமெல்லாம் அம்மாவின் முகம் மலர்ந்தது. கதையும் எங்கள் பக்கத்துக் கவிஞருடையது, எடுத்த ஊரும் எங்களுடையது. ஆனாலும் அதில் எவரும் எங்களைப் போலப் பேசவில்லை. அக்காலத்து நாடக மேடைத் தமிழ் அது.

மே 17, புதன்

இன்று ‘உதிரிப்பூக்கள்’. புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’யிலிருந்து ஒரு பொறியை எடுத்துக்கொண்டு, மேட்டுப்பாளையத்துக்கு அருகில் மகேந்திரன் எடுத்த படம், வெளிவந்தது 1979இல். எனக்குப் பிடித்த ஒரே ஒரு படத்தைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். ஊரே அஞ்சும் ஒரு கொடியவனுக்கு விஜயன் உரத்த குரலோ உருட்டும் விழியோ தரவில்லை. வெள்ளை வேட்டி சட்டையோடு அமைதியாக நடந்து வருகிறார், நமக்கு அடிவயிறு கலங்குகிறது. அசோக்குமாரின் கேமரா அந்த ஊரின் வெளிச்சத்தை இருந்தபடியே வாங்கிக்கொள்கிறது. ‘அழகிய கண்ணே’ ஒலிக்கும்போது, அவன் மனைவியான அந்தத் தாய்க்கு அதிக நாள் இல்லை என்பது ஜானகியின் குரலுக்கு முன்பே தெரிந்துவிட்டதுபோல் எனக்குத் தோன்றும்.

இறுதியில் ஊரார் அவனை ஆற்றுக்கு நடத்திச் செல்கிறார்கள். தான் செய்த பாவங்களிலேயே பெரியது அவர்கள் எல்லோரையும் தன்னைப்போல் ஆக்கிவிட்டதுதான் என்று அவன் சொல்லும்போது, அதுவரை அவன் தண்டிக்கப்பட வேண்டும் என்று காத்திருந்த நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவனாக நிற்பதை உணர்கிறேன். பவானிக் கரையில் வளர்ந்தவன் நான். பதினைந்து வயதில் இப்படத்தை முதன்முதலாகப் பார்த்த பிறகு, பல நாட்கள் ஆற்றில் இறங்கவே மனம் வரவில்லை.

மே 21, ஞாயிறு

‘தேவர் மகன்’, 1992. பொள்ளாச்சிப் பக்கம் எடுத்தது. தந்தையும் மகனும் மழை இரவில் பேசிக்கொள்ளும் காட்சியில் சிவாஜியும் கமலும் ஒருவருக்கொருவர் இடம் விட்டு நடிக்கும் நேர்த்திக்காகவே இதை எத்தனை முறையும் பார்க்கலாம். எனினும் அந்த வீட்டையும் வயலையும் பார்க்கும்போது ஓர் ஏக்கமும் உடன் வருகிறது. நிலம் எங்களுடையது, அதன்மேல் நடமாடுபவர்களின் பேச்சும் உறவுமுறையும் தென்மாவட்டத்தவை.

இந்தக் கோபியில் நான் சிறுவனாக இருந்தபோது வாய்க்கால் கரையில் படப்பிடிப்பு நடந்தால் பள்ளி விட்டதும் ஓடிப்போய் நிற்போம். அந்தப் படம் கொட்டகைக்கு வந்ததும், எங்கள் தென்னந்தோப்பு வேறு ஏதோ ஊர்ப் பெயரைச் சூடிக்கொண்டிருக்கும். அப்போது அது பெருமையாகத்தான் இருந்தது.

மே 27, சனி

கடைசியாகச் ‘சேத்துமான்’. பெருமாள்முருகனின் ‘வறுகறி’ சிறுகதையைத் தழுவி, தமிழ் என்ற இயக்குநர் எடுத்த இப்படம் சென்ற ஆண்டு கொட்டகைக்கு வராமல் நேரடியாக இணையத்தில் வெளியானது. கூடை முடையும் ஒரு முதியவர், பெற்றோரை இழந்த பேரனைத் தோளில் சுமந்து பள்ளிக்குக் கொண்டுபோகிறார். பன்றிக்கறிக்கு ஆசைப்படும் பண்ணையார் ஒருவரின் வீட்டு வேலைகளையும் அவர் செய்கிறார். இவ்வளவு சிறிய கதைக்குள் எங்கள் ஊர்ச் சாதியின் கணக்கு முழுவதும் இருக்கிறது; யார் எங்கே உட்கார வேண்டும், யார் எதை உண்பது மறைக்கப்பட வேண்டும் என்பதையெல்லாம் படம் விளக்கிச் சொல்வதில்லை, நடக்கவிட்டுக் காட்டுகிறது. அழகான நிலம் என்று எங்களைத் தேடிவந்த படங்கள் காட்டாமல் விட்டது இதைத்தான்.

படம் தொடங்கிப் பத்து நிமிடம் ஆகியிருக்கும். கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா கையை நிறுத்தினார்.

“நம்மூட்டுப் பேச்சாட்டவே இருக்குது கண்ணு.”

சத்தத்தைக் கூட்டச் சொன்னார். படம் முடியும்வரை முறம் அவர் மடியிலேயே இருந்தது. முடிவைப் பற்றி நாங்கள் இருவரும் இன்னும் பேசவில்லை.